நேட்ரானில் நோடுகளை இணைக்க ஒரு ஸ்கிரிப்ட்

ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தைப் பொருத்தும் வேலைக்கு கம்பாசிட்டிங் என்று பெயர். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் நான்கு வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகி ஒரே லேபிள் ஆகின்றன அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இதற்கு நான் பயன்படுத்துவது நேட்ரான். பிரான்ஸ் நாட்டின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான இந்த சாஃப்ட்வேர் முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. அதுதான் நோடு. படத்தைத் திறக்க ரீட், இரண்டைச் சேர்க்க மெர்ஜ், சேமிக்க ரைட். இவற்றை மவுஸால் கோடு இழுத்து இணைக்க வேண்டும். சரவெடியில் திரி போகும் வழியில் வெடி வெடிப்பதுபோல, கோடு போகும் வழியில்தான் படமும் போகும்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசுக் கடை டிவியில் காட்ட 40 வீடியோக்கள் செய்தேன். ஒவ்வொன்றிலும் பட்டாசின் பெயரும் பாதுகாப்பு எச்சரிக்கையும் தெரிய வேண்டும். ஒரு வீடியோவுக்கு இரண்டு ரீட், ஒரு மெர்ஜ், ஒரு ரைட்; ஆக மூன்று கோடுகள். 40 வீடியோக்களுக்கு 120 கோடுகள்! கையால் இழுத்தால் எங்காவது மாறிவிடும். எனவே நேட்ரானின் ஸ்கிரிப்ட் எடிட்டரில் பைத்தான் மொழியில் எழுதினேன். வீடியோவுக்கும் பெயர் அட்டைக்கும் 1 முதல் 40 வரை ஒரே எண்ணைப் பெயராக வைத்தால், ஒரு ஃபார் லூப் எல்லாவற்றையும் இணைத்துவிடும்.

இணைக்கும் கட்டளை கனெக்ட்இன்புட். இதற்கு இரண்டு விவரங்கள் தர வேண்டும்: எத்தனையாவது வாசல், எந்த நோடு. வாசல்களை 0-லிருந்து எண்ண வேண்டும். மெர்ஜ் நோடில் 0 என்பது பி, அதாவது அடியில் இருக்கும் படம். 1 என்பது ஏ, மேலே அமரும் படம். வீடியோவை 0-க்கும், பின்னணி இல்லாத பிஎன்ஜி அட்டையை 1-க்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது. வீடியோ அட்டையை மறைத்துவிடும். சினிமா ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும் நியூக் சாஃப்ட்வேரிலும் இதே எண்கள்தான். அங்கே கட்டளையின் பெயர் செட்இன்புட்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்கனவே கோடு இருக்கும் வாசலில் நேட்ரான் புதுக் கோட்டை ஏற்காது. ஃபால்ஸ் என்று பதில் தந்துவிட்டுப் பழைய கோட்டையே வைத்திருக்கும். அட்டைகளை மாற்றி ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போது, அணுகுண்டு வீடியோவில் கம்பி மத்தாப்பு அட்டை தங்கிவிட்டால் என்ன ஆகும்? குழந்தை கையில் பிடிக்கலாம் என்று வாங்குபவர் நினைத்துவிடுவார். எனவே முதலில் டிஸ்கனெக்ட்இன்புட் கொடுங்கள், பிறகு இணையுங்கள். பதில் ட்ரூதானா என்று பிரிண்ட் செய்து பாருங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் முதலில் இரண்டே வீடியோக்களுடன் ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தபின் 40-க்குப் போகலாம்.