கணினி எழுத்தறிவும் டிஜிட்டல் எழுத்தறிவும்

மேசைக்கணினி, டெப்லட், ஸ்மார்ட் தொலைபேசி ஆகிய மூன்றும் உள்ளீட்டைப் பெற்று, முறைவழிப்படுத்தி, வெளியீட்டைத் தருவன. அவ்வகையில் மூன்றுமே கணினிகள்தாம். எனினும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இவற்றைப் பயன்படுத்துவோரைப் பிரித்தே கணக்கிடுகின்றது.

5 தொடக்கம் 69 வயது வரையான ஒருவர் கணினியைத் தாமாகவே பயன்படுத்தக்கூடியவராயின் அவர் கணினி எழுத்தறிவு உடையவர் ஆவார். கணினி, மடிகணினி, டெப்லட், ஸ்மார்ட் தொலைபேசி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தக்கூடியவராயின் அவர் டிஜிட்டல் எழுத்தறிவு உடையவர். (கணினியில் தானாக விளையாடத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையும் முதல் வகையில் அடங்கும்!) 2019ஆம் ஆண்டில் இலங்கையில் முதல் வகையினர் பத்தில் மூவர் அளவில் இருந்தனர், இரண்டாம் வகையினர் பத்தில் நால்வருக்கும் அதிகம். கணினி இருந்த வீடுகளோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். இவ்விரு எழுத்தறிவுகளுக்கும் இடைப்பட்டோர் தொலைபேசியை அல்லது டெப்லட்டை மட்டும் அறிந்தவர்கள்.

கருவியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேலையும் இடமும் ஆகும். வங்கி உத்தியோகத்தருக்குச் சாவிப்பலகை, அச்சுப்பொறி, பல சாளரங்களை ஒருங்கே காட்டும் பெரிய திரை என்பன வேண்டும், ஆகவே மேசைக்கணினி. வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்புவோருக்கு டெப்லட் பொருத்தம். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அது பயன்படுத்தப்பட்டது. சந்தையிலும் பேருந்திலும் தொலைபேசிதான்.

இவ்வேறுபாடு மாணவரைத் தாக்கியது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதாகும். பாடங்கள் வட்ஸ்அப் வழியாக வந்தன. தொலைபேசி ஒன்று, பிள்ளைகள் மூவர் என்றால் ஒருவர் படிக்க இருவர் காத்திருக்க வேண்டும். தந்தை அதனை வேலைக்குக் கொண்டுசென்றால் காலையில் வந்த பாடத்தை இரவில்தான் பார்க்கலாம். சமிக்ஞை கிடைக்காத கிராமங்களில் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறினர். வீட்டில் கருவி இருப்பது வேறு, அது தேவையான நேரத்தில் பிள்ளையின் கைக்குக் கிடைப்பது வேறு. கிடைத்தாலும், சிறு திரையில் குறிப்பை வாசிக்கலாமே தவிர, விரிதாளில் சூத்திரம் அமைத்துப் பழகுதல் கடினம்.

எனவே "ஸ்மார்ட் தொலைபேசிகள் பெருகியமையால் கணினி எழுத்தறிவு உயர்ந்தது" என விடை எழுதாதீர்கள். தொலைபேசியை மட்டும் பயன்படுத்தத் தெரிந்தவர் சேர்வது டிஜிட்டல் எழுத்தறிவுக் கணக்கிலேயே ஆகும்.