முதலில் அனுமதி, பிறகு சுத்தியல்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பழைய வீட்டையும் கடைவீட்டையும் அலுவலகமாக்க நினைப்பவர்கள் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். குத்தகையாளரைக் கூப்பிட்டுக் கூரையைப் பிரித்துவிடுகிறார்கள். நோட்டீஸ் வந்த பிறகே அனுமதிக்கு அலைகிறார்கள். ‘ரெனவேஷன் பெர்மிட் போதும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். கிள்ளான் இருக்கும் சிலாங்கூரில் 1976ஆம் ஆண்டின் 172ஆம் சட்டப்படி, ‘கெபெனாரான் மெரன்சாங்’ எனும் திட்ட அனுமதியின்றி மேம்பாட்டைத் தொடங்கினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குடியிருந்த வீட்டை, ஒரு சுவரும் இடிக்காமல், அலுவலகமாக்குவதும் மேம்பாடுதான்.

‘என் கட்டடம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் வரவில்லையே’ என்பார்கள். அரசிதழ் அறிவிப்பு 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் வருவது. திட்ட அனுமதி அதற்குக் காத்திருப்பதில்லை. வரலாற்று மதிப்புள்ள கட்டடமென்றால் அதன் நிலை, தோற்றம், பாதுகாக்கும் வழி எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டியாக வேண்டும். ஆகவே ஒரு கூரை ஓட்டையும் கழற்றுமுன் ஐந்தடி நடைபாதைத் தூண், மரச் சன்னல், முகப்பில் பொறித்த ஆண்டு வரை அளந்து படமெடுங்கள். கிராண்டில் (நிலப் பட்டாவில்) நில நிபந்தனை என்ன என்று பாருங்கள். ‘குடியிருப்பு’ என்றிருந்தால் நில அலுவலகத்தில் மாற்ற வேண்டும். பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் அல்லது திட்டமிடுநர் வழியாகக் கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் ஓஎஸ்சி எனும் ஒரே இடச் சேவைப் பிரிவில் விண்ணப்பியுங்கள். திட்ட அனுமதி கிடைத்ததும் சுத்தியலை எடுக்காதீர்கள். 133ஆம் சட்டத்தின் 70ஆம் பிரிவில் கட்டட வரைபட ஒப்புதல் தனியாக வேண்டும். 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காதவரை, திட்ட அனுமதி காலாவதியாகும். பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் எல்லை. அங்கே 267ஆம் சட்டப்படி ‘பெரிந்தா பெம்பாங்குனான்’ எனும் மேம்பாட்டு ஆணை வாங்க வேண்டும்.

இடிப்பதைத் தடுக்க நினைக்கும் அக்கம்பக்கத்தாரும் தூங்குகிறார்கள். ஜாலான் அம்பாங்கின் பழைய மாளிகையான போக் ஹவுஸ், பாரம்பரியச் சட்டம் நடப்புக்கு வந்த அதே 2006இல் தரைமட்டமானது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்துக்கு 2014இல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோதோ, மக்கள் உடனே எதிர்த்தார்கள். 2016இல் அது பாரம்பரியச் சின்னமானது. தகரவேலி எழுந்தபின் கூடிக் கத்துவதில் பயனில்லை. சிலாங்கூரில் ஆட்சேபிக்கும் உரிமை பற்றி நோட்டீஸ் வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; வாய்மொழி ஆட்சேபம் கோப்பில் ஏறாது. அப்படி ஆட்சேபித்தவர் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அவகாசம் ஒரே மாதம். கோலாலம்பூரில் அதிகாரிகள் காரணம் சொல்லாமல் நழுவினால், தாமான் ரிம்பா கியாரா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பைக் காட்டுங்கள்: குடியிருப்பாளர் வழக்குத் தொடுக்கலாம், டத்தோ பண்டார் காரணம் சொல்லியே தீர வேண்டும்.