சிறு துளையும் பெரிய டிராக்டரும்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஃபெர்குசன் டிஇ-20 எனும் சாம்பல் நிற டிராக்டர் தயாரிக்கப்பட்டது. 5 இலட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1958ஆம் ஆண்டு எட்மண்ட் ஹில்லரியின் குழு இவ்வகை டிராக்டர்களை ஓட்டியே தென் துருவத்தை அடைந்தது. பனிப் பரப்பையே கடந்த இந்த டிராக்டரும், பல ஆண்டுகள் கொட்டகையில் முடங்கிவிட்டால் ஓட மறுக்கும். பல வேளைகளில் அதற்குக் காரணம், உள்ளங்கையில் அடங்கும் கார்புரேட்டரே.

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலப்பதே கார்புரேட்டரின் வேலை. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. கார்புரேட்டரின் குறுகிய குழாய் வழியே காற்று பாயும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அதனால், கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஒரு நுண்துளை வழியாக மேலே இழுக்கப்படுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் அங்குள்ள மிதவை உயர்ந்து, ஊசி போன்ற அடைப்பானால் வழியை மூடுகிறது.

நெடுநாள் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பசை போன்ற படிவை விட்டுச் செல்கிறது. அப்படிவு நுண்துளையை அடைத்துவிட்டால், எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்காது.

இதனைச் சீர்செய்ய, முதலில் பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும். ஆகவே, இப்பணியை நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்திலேயே செய்ய வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, வரிசையாக வைத்தால் மீண்டும் பொருத்துவது எளிது. பின்னர், பாகங்களைத் துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் துளைகளைச் சுத்தம் செய்யலாம்.

இங்குப் பலர் அவசரப்பட்டுக் கம்பியால் துளையைக் குத்திவிடுகின்றனர். மென்மையான பித்தளையில் உள்ள துளை அதனால் சற்றே பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோல் மிகுதியாகப் பாய்ந்து, கரும்புகை வெளிவரும். அடைப்பை நீக்கலாம், பெரிதான துளையை மீண்டும் சிறிதாக்க இயலாது.

அடுத்து, மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அதில் ஓட்டை உள்ளது என்று பொருள். தேய்ந்த அடைப்பானையும் பழைய கேஸ்கெட்டுகளையும் மாற்றிய பின், எல்லாவற்றையும் பொருத்தலாம். இறுதியாக, எஞ்சினை இயக்கி, அது சீராக ஓடும்வரை கலவைத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

பழைய இரும்புக்குப் போகவிருந்த எத்தனையோ டிராக்டர்கள், இத்தகைய பொறுமையான வேலையால் மீண்டும் வயலுக்குத் திரும்பியுள்ளன.