வாத்து முட்டை: எடுக்கும் நேரமும் பழுதறியும் வகையும்

வங்காளத்துக் கிராமம் ஒன்றில் குடியிருக்கும் நம்மவர் வீட்டுச் சிறுவன், ஆகாயத் தாமரை மண்டிய குளக்கரைப் புதரிலிருந்து ஏழு வாத்து முட்டைகளை எடுத்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தாய் அவற்றைத் தண்ணீரில் இடுகிறாள். ஐந்து அடியில் தங்கிவிடுகின்றன. ‘இவை புதியவை’ என்று மகிழ்ந்து அடுப்பருகே கொண்டு செல்கிறாள். அவள் செய்தது சரிதானா?

தமிழ்நாட்டில் வாத்து முட்டையை அதிகம் கையாளாத குடும்பங்கள், வங்காளத்திற்கோ அஸ்ஸாமிற்கோ வந்த பின்னரே அதனை நெருங்கி அறிகின்றன. ‘ஹாசேர் டிம்’ என்று வங்காளியில் வழங்கும் இது சந்தையிலும் கிடைக்கிறது. குளமுள்ள வீடுகளின் கொல்லையிலும் கிடைக்கிறது. அண்டை வீட்டார் மாலையில் ‘சோய் சோய்’ என்று கூவி வாத்துகளைக் கரையேற்றுவதைக் கண்டு, நம் இல்லத்தரசியரும் நான்கைந்து வாங்கி விடுகின்றனர்.

கோழி பகலில் எந்நேரமும் முட்டையிடும். வாத்தோ பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலுமே இடும். ஆதலின் காலை ஒன்பது மணிவரை கொட்டிலைத் திறவாதிருத்தல் வேண்டும். விடிந்ததும் திறந்துவிட்டால், குளத்து நீரிலோ புதரிலோ முட்டையை இட்டுவிட்டு வந்துவிடும். பின்னர் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாத்துக்குக் கூட்டில் அமர்ந்துதான் இடவேண்டும் என்ற ஒழுங்கும் குறைவு. நின்ற இடத்திலேயே இட்டுவிடுவதும் உண்டு. ஆகவே கொட்டில் முழுவதும் உலர்ந்த வைக்கோல் பரப்பி, நனைந்ததை அன்றாடம் மாற்றுக. முட்டை எச்சத்தில் புரண்டு கிடக்காதிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எடுத்த முட்டையை உடனே குடத்து நீரில் கழுவுவது பலருடைய வழக்கம். அது நன்றன்று. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன; அவற்றை மூடி மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று இருக்கிறது. கழுவினால் அது கரைந்து போகும். மேலும், குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருப்பது சுருங்கி, வெளியிலுள்ள அழுக்கையும் கிருமியையும் துளைகளின் வழியே உள்ளிழுத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். மிக அழுக்கானதை மட்டும் வெதுவெதுப்பான நீரில் விரைந்து கழுவி, அன்றே சமைத்துவிடுக.

இனி, தண்ணீர்ச் சோதனைக்கு வருவோம். நாட்பட நாட்பட முட்டையிலுள்ள ஈரம் துளைகளின் வழியே வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது. அதனால்தான் புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கிறது. பழையது அகன்ற முனையை உயர்த்தி நிற்கிறது. மிகப் பழையது மிதக்கிறது. மிதப்பதை எறிந்துவிடலாம். ஆனால் மூழ்குவதெல்லாம் நல்லது என்று கொள்வதே பிழை. மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், முட்டையின் ஈரம் மெதுவாகவே குறையும். உள்ளே கெடத் தொடங்கியதும் மூழ்கிக் கிடக்கக்கூடும். கோடையிலோ வேறொரு தொல்லை. ஆண் வாத்துடன் வளரும் வாத்தின் முட்டையில், அடைகாக்காமலேயே, வெப்பத்தினால் கரு வளரத் தொடங்கும். அதனையும் தண்ணீர் காட்டிக்கொடாது. முட்டைக்காக மட்டும் வளர்ப்போர்க்கு ஆண் வாத்து வேண்டுவதே இல்லை. அஃதின்றியும் பெட்டை முட்டையிடும், அம்முட்டை கூடுதல் நாள் தாங்கும்.

இருட்டறையில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பார்ப்பது இதைவிடத் தெளிவானது. காற்றறை சிறிதாகவும் உள்ளே ஒரே சீராகவும் தோன்றினால் நன்று. சிலந்திக் கால்கள் போன்ற சிவந்த இழைகளோ, வட்டமான இரத்தக் கோடோ தெரிந்தால் விலக்குக. ஓடு பச்சையாகவோ நீலமாகவோ இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது வாத்தின் இனத்தைப் பொறுத்தது. சமைக்கும்போது ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். ஒரு கூமுட்டை ஆறு நல்ல முட்டைகளைப் பாழாக்கிய சமையலறைகள் எத்தனையோ!

இத்தனை சோதனைகளையும்விட நான் நம்புவது ஒரு பென்சிலைத்தான். எடுத்த தேதியை ஓட்டின்மேல் எழுதிவிட்டால், ஊகத்திற்கு இடமில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், கோடையில் 3 நாளைக்குமேல் வைத்திராமை நலம்.

புதிய முட்டையிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அது பார்வைக்கோ மணத்திற்கோ புலப்படாது. ஆதலின் வாத்து முட்டையை அரைவேக்காடாக உண்ணலாகாது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கொடுக்கவே கூடாது. இது கோழி முட்டையினும் பெரிது. பெரும்பாலும் 65 முதல் 75 கிராம் வரை இருக்கும். நீர் கொதிக்கத் தொடங்கியபின் 12 நிமிடமாவது வேகவிடுக. மஞ்சள் கரு நடுவிலும் இறுகியிருத்தல் வேண்டும்.

அந்தச் சிறுவன் கொணர்ந்த ஏழு முட்டைகள்? அவை எந்நாள் இட்டவை, எத்தனை நாள் வெயிலில் கிடந்தவை என்று யாரும் அறியார். மூழ்கிய ஐந்தையும் சேர்த்துக் குழியில் புதைத்துவிட்டு, மறுநாள் முதல் கொட்டிலை ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும்.