ஸ்கேன் நார்மல் என்றான பிறகு

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்ற நிம்மதியோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். பைக்கிலிருந்து விழுந்தோ, தாமிரபரணிப் படித்துறையில் வழுக்கியோ தலை அடிபடும்போது மூளை குலுங்கி, அதன் செயல்பாடு சில நாள் தடுமாறுவது அந்தப் படத்தில் தெரியாது. இதைத்தான் மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி, கன்கஷன் என்கிறார்கள். இதற்கு நினைவு தப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, காரணமில்லாத சிடுசிடுப்பு, ஒரே வரியை நாலு தடவை படித்தும் மனதில் நிற்காமை ஆகியவைதான் அடையாளங்கள்.

இந்தப் பிள்ளையை மறுநாளே பள்ளிக்கும் டியூஷனுக்கும் அனுப்புவது தவறு என்று எளிதில் ஒப்புக்கொள்வோம். ஜன்னலைச் சாத்தி, புத்தகத்தைப் பறித்து, பத்து நாள் படுக்கவைப்பதும் தவறு என்றால் மனம் ஏற்காது. அது பாசமாகத் தெரிகிறது. ஆனால் அமெரிக்காவின் மில்வாக்கியில் 11 முதல் 22 வயது வரையானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்களுக்கு, ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிடத் தொந்தரவுகள் அதிகமாகவே இருந்தன. லேசாக அடிபட்டவர்கள்தானே சீக்கிரம் எழுந்து நடமாடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; குலுக்கலில் பிரிக்கும்போது லேசாக அடிபட்டவர்கள் இரண்டு பக்கமும் கலந்துவிடுவார்கள், அதனால்தான் குலுக்கல் முறை ஆய்வுகளுக்கு மதிப்பு. 2019-இல் வந்த இன்னொரு குலுக்கல் ஆய்வில், தொந்தரவு கூடாத அளவுக்கு உடற்பயிற்சி செய்த வளரிளம் பருவத்தினர் 13 நாளில் தேறினார்கள். வெறும் உடல்நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. மூளை அதிர்ச்சி பற்றிப் பேச 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களும், 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு இருந்துவிட்டு மெல்ல நடமாடச் சொல்கிறார்கள். அந்த இரண்டு நாளும் செல்போன், டி.வி.யை முடிந்தவரை விலக்குவது நல்லது. மருத்துவர் பார்த்து அனுப்பிய பிள்ளை தாராளமாகத் தூங்கலாம். தூங்க விடக் கூடாது என்ற பழைய பயம் தேவையில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது படிப்பு என்னாவது என்ற கேள்வி பாளையங்கோட்டை போன்ற பள்ளிக்கூட ஊரில் எழாமல் இருக்காது. தலைவலியோடு மூன்று மணி நேரம் உட்காரும் பிள்ளையின் தலையில் எதுவும் ஏறப்போவதில்லை. முதலில் டியூஷனை நிறுத்துங்கள். பள்ளிக்கு அரை நாள் போகட்டும். போர்டைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் நண்பனின் நோட்டை வாங்கிக்கொள்ளட்டும். தலை வலித்தால் சத்தமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வகுப்பாசிரியர் அனுமதிக்கட்டும். படிக்கும்போது தலைவலி சற்றே கூடி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் பயப்பட வேண்டாம். நன்றாகக் கூடினால் அன்றைக்கு அதுவே அளவு.

கண்டிப்பு வேண்டியது விளையாட்டில்தான். முழு நாள் பள்ளியைத் தொந்தரவில்லாமல் தாண்டி, மருத்துவரும் சரி என்ற பிறகே கபடியும் ஃபுட்பாலும். முதல் அடி ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் தேறுவது நீளும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டமும் நடையும் முன்பே தொடங்கலாம். ஆனால் ஆற்றுக் குளியலும் சைக்கிளும் கிறுகிறுப்பு முழுக்க நிற்கும்வரை கூடாது, ஏனென்றால் நடுநீரிலோ நடுரோட்டிலோ தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமிருக்காது. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் சரியாகிவிடுகிறார்கள். அதைத் தாண்டியும் மார்க் குறைந்து, மறதியும் எரிச்சலும் நீடித்தால், சோம்பேறித்தனம் என்று திட்டாமல் மறுபடியும் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். ஸ்கேன் அன்றே நார்மல்தானே என்று அப்போதும் யாராவது சொல்வார்கள்; அடிபட்ட தேதியையும் இன்னும் தீராத தொந்தரவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.