துண்டுகளில் பிறக்கும் வட்டம்
அந்தமான் மரங்கள் – தொடர் 9

சாத்தம் தீவின் அரசு மர அறுவை ஆலையில் வெட்டுமரம் பலகையாகும் முறை சென்ற இதழில் விளக்கப்பட்டது. 1883-இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையிலிருந்து வெளியேறிய மரங்களுள் உலகச் சந்தையில் பெரும்பெயர் பெற்றது படாக். வேங்கையும் செஞ்சந்தனமும் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தனவோ அதே டெரோகார்பஸ் பேரினத்தில், டால்பெர்ஜியாய்டிஸ் என்னும் சிற்றினமாக இது வகைப்படுத்தப்பட்டுள்ளது. அந்தமானின் மாநில மரம் என்னும் தகுதியும் இதற்கு உண்டு. இதன் வைரப்பகுதி இளஞ்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரை பல சாயல்களில் அமைவது. வெளிச்சம் படப்பட அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பை நோக்கி நகர்வது. அமெரிக்காவின் புல்மன் ரயில்பெட்டிகளை அலங்கரிக்கவும், 1930-இல் திறக்கப்பட்ட லண்டன் இந்தியா ஹவுஸ் கட்டடத்தின் உள்வேலைப்பாடுகளுக்கும் இந்த மரம் கப்பலேறியது. நீளமும் அகலமும் குறையில்லாத பலகைகளாகவே அக்காலத்தில் படாக் மதிப்பிடப்பட்டது. சிறு துண்டுகளைக் கேட்பார் இல்லை.

அந்த மதிப்பீடு 2002-க்குப் பிறகு நிலைக்கவில்லை. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு அவ்வாண்டு மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தீவுகளின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தித் தீவு மக்களின் தேவையளவில் நிறுத்தியதோடு, தீவுகளிலிருந்து மரம் வெளியே செல்வதையும் தடுத்தது. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளின் காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது. பெரிய கட்டைகள் அரிதாகிவிட்ட இச்சூழலில், பலகை அறுக்கும்போது மிஞ்சும் ஓரத்துண்டுகளையும் முனைத்துண்டுகளையும் கொண்டு எதைச் செய்ய இயலும் என்னும் கேள்வி கைவினைக்குரிய கேள்வியாகிறது. அதற்குக் கடைசல் தொழில் அளிக்கும் விடைகளுள் நுட்பம் மிகுந்தது, சிறு துண்டுகளை வளையங்களாக ஒட்டி, அவ்வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை லேத்தில் பூட்டிக் கிண்ணமாகக் கடையும் முறையாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைசல் கலைஞர்கள் இதைத் தனிக்கலையாக வளர்த்தெடுத்தனர்.

இம்முறையின் சிறப்பை உணர, மரம் ஈரத்துக்கேற்பச் சுருங்கி விரியும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். மரத்தின் இழைகள் தண்டின் நீளவாக்கில் ஓடுகின்றன. மரம் காயும்போது அந்த நீளவாக்கில் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவே. இழைக்குக் குறுக்கே, அதாவது தண்டின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில், சுருக்கம் தெளிவாகத் தெரியும். வளர்ச்சி வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் அது மேலும் மிகும். ஒரே கட்டையைக் குடைந்து கடைந்த கிண்ணத்தில் விளிம்பின் ஒரு பகுதி இழையோடு ஓடுகிறது, மற்றொரு பகுதி இழையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஆகவே காற்றின் ஈரம் மாறும்போது ஒரு விட்டம் குறைய, அதற்குச் செங்குத்தான விட்டம் அப்படியே நிற்க, வட்டம் முட்டை வடிவாகிறது. கட்டை போதிய அளவு காயாதிருந்தால் வெடிப்பும் விழுகிறது.

அந்தமானின் தட்பவெப்பம் இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறிப் பெய்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை பதிவாகும் இத்தீவுகளில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அத்தகைய காற்றில் நெடுநாள் கிடந்த மரம் தன் உலர் எடையில் சுமார் 16 சதவீத அளவுக்கு நீரைத் தாங்கி நிற்கும். ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் அதே மரம் சுமார் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், திறந்த பட்டறையில் கடைந்த கிண்ணத்தைக் குளிரூட்டிய அறைக்குள் வைத்தாலே இந்த இறக்கம் நிகழத் தொடங்கும். படாக், தேக்கைப் போலவே, குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று. எனினும் 24 செ.மீ. விட்டமுள்ள ஒற்றைக்கட்டைக் கிண்ணம் இழைக்குக் குறுக்கே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குறைவதைத் தவிர்க்க இயலாது.

துண்டிணைப்புக் கிண்ணத்தில் ஒவ்வொரு துண்டின் இழையும் வட்டத்தின் சுற்றுவாக்கிலேயே செல்லும்படி அடுக்கப்படுகிறது. நீளவாக்கில் மரம் சுருங்குவதில்லை என்பதால் சுற்றளவு மாறுவதில்லை. சுவரின் கனமும் உயரமும் மட்டுமே சிறிது மாறுகின்றன. ஒரு செ.மீ. கனமுள்ள சுவரில் அந்த மாற்றம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே ஆதலால், வட்டம் வட்டமாகவே நிலைக்கிறது. ஆனால் இதே கிண்ணத்தின் அடிப்பாகத்துக்கு ஒரே பலகையை வட்டமாக வெட்டிப் பொருத்துவோர் இந்த நன்மையை இழக்கின்றனர். அடித்தட்டு குறுக்கே சுருங்க முயலும், அதைச் சுற்றியுள்ள வளையமோ அசையாது நிற்கும். இழுபறியின் முடிவில் தட்டு பிளக்கும், அல்லது ஒட்டு விடும். அடித்தட்டின் விட்டத்தைச் சிறிதாக வைத்துக்கொள்வது, அல்லது வளையத்தின் உட்புறம் பள்ளமெடுத்து ஒட்டாமல் தட்டை அதில் அமர்த்துவது என்பன இதற்குரிய வழிகள்.

வளையத்தின் கணக்கு பள்ளி வடிவியலைத் தாண்டியதன்று. பன்னிரண்டு துண்டுகளால் ஆன வளையத்தில் ஒவ்வொரு துண்டின் இரு முனைகளும் 15 பாகை சாய்வாக அறுக்கப்படுகின்றன. துண்டின் எண்ணிக்கையால் 180-ஐ வகுத்தால் இந்தச் சாய்வு கிடைக்கும். வெளிவிட்டம் 24 செ.மீ. எனில் துண்டின் வெளிப்பக்க நீளம் சுமார் 6.4 செ.மீ. ஆகும். கடினம் கணக்கில் இல்லை, ரம்பத்தில் இருக்கிறது. ரம்பத்தின் சாய்வு பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் தனித்துண்டில் அது தெரியாது; ஆனால் பன்னிரண்டு துண்டுகளின் இருபத்துநான்கு முனைகளிலும் அதே பிசகு சேர்ந்து 2.4 பாகையாகி, வளையத்தின் கடைசி மூட்டில் ஏறக்குறைய 5 மி.மீ. இடைவெளியாகத் திறந்து நிற்கும். ஃபெவிகாலும் மரத்தூளும் கலந்து அதை அடைப்பது கண்ணை ஏமாற்றலாம், மூட்டுக்கு வலுச் சேர்க்காது. ஆகவே தேர்ந்த கைவினைஞர் வளையத்தை இரண்டு அரைவட்டங்களாகத் தனித்தனியே ஒட்டி, அவை உலர்ந்தபின் சேரவேண்டிய முகங்களைச் சமதளத்தில் பதித்த உப்புத்தாளில் தேய்த்து நேராக்கி, அதன்பிறகே முழுவட்டமாக இணைக்கின்றனர். சேர்ந்திருந்த பிசகு முழுவதும் அந்த இரண்டு மூட்டுகளிலேயே தீர்க்கப்பட்டுவிடுகிறது.

துண்டுகளின் சாய்முகங்கள் பெரும்பாலும் இழையின் வெட்டுமுகங்களே. அவை பசையை உறிஞ்சிக்கொள்வதால் மூட்டு வறண்டு நிற்கும். இதைத் தவிர்க்க முதலில் மெல்லிய பூச்சாகப் பசை தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மீண்டும் தடவி இறுக்கப்படுகிறது. இருந்தும் இம்மூட்டுகள் வளையத்தின் வலுக்குறைந்த இடங்களே என்பதால், செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இடைவெளிமேல் அடுத்த வரிசையின் செங்கல் அமர்வதைப் போல, ஒவ்வொரு வளையமும் அரைத்துண்டு நகர்த்தி மேலே அடுக்கப்படுகிறது. வளையங்களுக்கிடையே ஒட்டும் பரப்பு இழையின் பக்கமுகம் ஆதலால் அங்கு பசை முழுவலுவுடன் பிடிக்கிறது. கிண்ணத்தைத் தாங்குவது இந்தக் கிடைமூட்டுகளே எனலாம்.

அடுக்கு முழுதாக உலர்ந்த பின்னரே அது லேத்தின் முகத்தட்டில் பூட்டப்படுகிறது. பன்னிரண்டு முனைகளுடன் சுழலும் 24 செ.மீ. அடுக்கு, நிமிடத்துக்கு 600 சுற்று என்னும் மிதமான வேகத்திலும் விளிம்பில் நொடிக்கு ஏழரை மீட்டர் வேகம் பெறுகிறது. ஒட்டு விட்ட ஒரு துண்டு பறந்தால் என்ன நேரும் என்பதை இந்த எண்ணே உணர்த்தும். முகக்கவசம் அணிவதும், தொடக்கத்தில் சுழற்சித் தளத்துக்கு நேராக நிற்காமல் விலகி நிற்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. முனைகள் உருண்டு வட்டமாகும்வரை குழிவுளியால் சிறிதுசிறிதாகவே எடுத்தல் வேண்டும். படாக்கின் இழைகள் ஓர் அடுக்கில் ஒருபுறமும் அடுத்த அடுக்கில் மறுபுறமும் சாய்ந்து பின்னிக் கிடப்பதால், மழுங்கிய உளி இழையை வெட்டாமல் பிய்த்துவிடும். ஆகவே இறுதிச் சீவலுக்கு முன் உளி மறுபடி தீட்டப்படுகிறது.

அந்தமான் மரங்களின் நிறவேறுபாடு துண்டிணைப்புக்கு இயல்பான வளம். படாக்கின் சிவப்புக்கு அருகே வெண்சுக்ளத்தின் வெளிர்நிறமும், சாம்பல் நிறத்தில் கருவரி ஓடும் மார்பிள் மரமும் வைக்கப்படும்போது, வண்ணமோ செதுக்கலோ இல்லாமலேயே கோலம் தோன்றுகிறது. ஆயினும் இங்கு ஓர் இடர் உண்டு. உப்புத்தாள் போடும்போது எழும் செந்தூள் பக்கத்து வெண்மரத்தின் நுண்துளைகளில் புகுந்து அதை இளஞ்சிவப்பாக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் கறை ஆழமாக இறங்கும். இப்பேரினத்தின் செம்மரங்களில் உள்ள நிறப்பொருள் சாராயத்தில் கரையக்கூடியது என்பதால், அரக்கைச் சாராயத்தில் கரைத்த மெருகைத் துணியால் தேய்ப்பதும் அதே விளைவைத் தரலாம். தூளைக் காற்றால் ஊதி அகற்றுவதும், முதல் பூச்சைத் தேய்க்காமல் தெளிப்பதும் பாதுகாப்பானவை. அத்தூள் மூக்கையும் தொண்டையையும் உறுத்துவதால் கடைபவருக்கும் கவசம் தேவை.

மரத்தின் கணக்கு இனி எளிது. 24 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கிண்ணத்தை ஒரே கட்டையில் கடைய, 24 செ.மீ. சதுரமும் 10 செ.மீ. கனமும் கொண்ட குறையற்ற கட்டை வேண்டும். அதன் உட்புறம் முழுவதும் சீவலாகக் கொட்டும். 2.5 செ.மீ. அகலமும் 2 செ.மீ. கனமும் உள்ள பட்டையைப் புரட்டிப் புரட்டி அறுத்தால், ரம்பத் தேய்மானம் உட்பட முக்கால் மீட்டர் நீளம் ஒரு வளையத்துக்குப் போதும். இத்தகைய ஐந்து வளையங்களுக்கு ஆகும் மரம் ஒற்றைக்கட்டையின் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. அதுவும் 7 செ.மீ. நீளத் துண்டுகளாகக் கிடைத்தால் போதுமானது. லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் நீருக்கும் தேனுக்கும் ஒரே மரத்துண்டைக் குடைந்து, பிரம்பால் கட்டிப் பாத்திரம் செய்துவந்தனர். காடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தேவைக்கு ஒரு மரத்தை மட்டும் எடுக்கும் சிறுகுழுவுக்கு அதுவே தக்க முறை. நகரப் பட்டறைக்கும் கடைத்தெருவுக்கும் அந்த அளவு பொருந்தாது.

எனினும் துண்டிணைப்பு காட்டைக் காக்கும் வழி என்று சொல்வது மிகையாகும். காட்டைக் காத்தது நீதிமன்ற ஆணையும் அதை நடைமுறைப்படுத்தும் வனத்துறையுமே. இம்முறையின் பங்கு அதற்குப் பின் வருவது. வெட்ட அனுமதிக்கப்பட்ட மரத்திலிருந்து கிடைக்கும் பொருளின் எண்ணிக்கையை அது கூட்டுகிறது. கைவினைஞரின் உழைப்புநேரத்தையும் அதே அளவுக்குக் கூட்டுகிறது. ஆகவே இத்தகைய கிண்ணத்தின் விலையில் மரத்தின் பங்கு சிறிது. அறுத்த கோணத்தின் துல்லியத்துக்கும் ஒட்டுலரக் காத்திருந்த நாட்களுக்கும் உரிய பங்கே பெரிது. வாங்குவோர் இதை அறிந்தால்தான் தொழில் நிலைக்கும்.

(அடுத்த இதழில்: கருவரி ஓடும் மார்பிள் மரம்)