பள்ளிக்கூடம் திறந்தாச்சு: சின்னப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?



ஜூன் மாதம் பிறந்தால் நம் ராணிப்பேட்டையில் வெயிலும் குறைவதில்லை, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் அழுகையும் குறைவதில்லை. 2023-ஆம் ஆண்டு வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு தள்ளிப்போய், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் 14 அன்றுதான் பள்ளி தொடங்கியது. என்றைக்குத் திறந்தாலும், எல்.கே.ஜி., முதல் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதல் சில வாரங்கள் சோதனைதான். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் தாய்மார்களுக்கு இது இன்னும் கஷ்டம். காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், பிள்ளை கையை விடாது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். இந்த நேரத்தில் பெற்றோர் செய்யக்கூடிய சில காரியங்களை இங்கே சொல்கிறோம்.

பிள்ளை ஏன் அழுகிறது?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. "மூணு மணிக்கு வந்துடுவேன்" என்று நாம் சொன்னால், அம்மா திரும்பி வருவாள் என்ற நிச்சயம் அதற்குக் கிடைப்பதில்லை. அதனால் பயந்து அழுகிறது. இதைப் பிடிவாதம் என்றோ கெட்ட பழக்கம் என்றோ எண்ணி அடிக்க வேண்டாம். தொழுகையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை நினைத்துத் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குழந்தையின் அழுகைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்த வழி நம்முடையது.

நேரத்தைப் பிள்ளைக்குப் புரியும் விதமாகச் சொல்லுங்கள். "சோறு சாப்பிடுவ, தூங்குவ, எழுந்து விளையாடுவ, அப்புறம் நன்னிமா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று சொன்னால் அதன் மனதில் பதியும். சொன்னபடியே நன்னிமா வர வேண்டும். நான்கு நாள் சொன்னது சொன்னபடி நடந்தால் ஐந்தாம் நாள் பயம் பாதியாகும்.

சொல்லாமல் நழுவ வேண்டாம்

பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது சத்தமில்லாமல் வந்துவிடுவது சுலபமாகத் தெரியும். ஆனால் திரும்பிப் பார்த்த பிள்ளைக்கு அம்மா காணாமல் போய்விட்டாள். அடுத்த நாள் அது வீட்டிலேயே கையைப் பிடித்துக்கொள்ளும். முத்தம் கொடுத்து, ஸலாம் சொல்லி, சிரித்த முகத்தோடு ஒரே நிமிஷத்தில் கிளம்பிவிடுங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அழுகை நீளும். தாய்க்குக் காலை வேலை இருந்தால், கொண்டுபோய் விடுகிறவர் தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும்.

"ரெண்டு நாள் வீட்டில் இருக்கட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்று நிறுத்திவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருடங்களிலும் பக்ரீத் ஜூன் மாதத்தில்தான் வந்தது. அப்படிப் பள்ளி திறந்த கையோடு பெருநாள் வரும் வருடங்களில், ஊருக்குப் போனாலும் விடுமுறை முடிந்த அன்றே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.

தண்ணி கேட்கத் தெரிய வேண்டும்

நம் பகுதியில் பல வீடுகளில் தமிழும் பல வீடுகளில் உருதுவும் பேசுகிறோம். வீட்டில் உருது மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை வகுப்பில் "பானி" என்று கேட்டால், டீச்சருக்குப் புரியாமல் போகலாம். இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். உடையிலேயே சிறுநீர் போய்விட்டு வெட்கத்தால் மறுநாள் வர மறுக்கும் பிள்ளைகளும் உண்டு.

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, நம் மாநிலத்தில் முதல் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். எழுத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித்தரும். அதற்கு முன்னால் வீட்டில் ஐந்து வாக்கியம் பழக்கிவிடுங்கள்: "டீச்சர், தண்ணி வேணும்." "பாத்ரூம் போகணும்." "வயிறு வலிக்குது." "எனக்குப் புரியல." "இவன் என்னை அடிக்கிறான்." விளையாட்டாக நீங்கள் டீச்சராக உட்கார்ந்து பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டு மொழியை விட வேண்டியதில்லை, இரண்டையும் பேசிப் பழகப் பிள்ளையால் முடியும். வீட்டில் உருதுதான் பேசுகிறோம் என்பதை டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தூக்கமும் சாப்பாடும்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். விடியற்காலையில் மக்தப், பிறகு பள்ளி, மாலையில் டியூஷன் என்று ஓடும் பிள்ளை இரவு பதினொரு மணி வரை செல்போன் பார்த்தால் இந்தக் கணக்கு நிறையாது. மக்தபுக்குப் போகும் பிள்ளை இஷா நேரத்துக்குள் சாப்பிட்டுப் படுத்துவிடட்டும். முதல் மாதம் டியூஷனை நிறுத்திவைத்தாலும் நஷ்டமில்லை.

அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் இவைதான் பெரும்பாலும். வீட்டில் இவற்றைத் தொடாத பிள்ளை பள்ளியிலும் தொடாது, பசியோடு உட்கார்ந்து அழும். வாரம் ஒருமுறை வீட்டிலும் சமைத்துக் கொடுத்துப் பழக்குங்கள். காலையில் சீக்கிரமாக வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களுக்கு இந்தத் திட்டம் பெரிய உதவி.

எப்போது கவலைப்பட வேண்டும்?

முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன பிள்ளை இரண்டாம் வாரம் அழுவது சகஜம். காலையில் மட்டும் வயிற்றுவலி, இரவில் படுக்கையை நனைப்பது, மடியை விட்டு இறங்காதது, இவையும் சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். திட்டாமல் பொறுத்திருங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் அழுகை குறையவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெடுகின்றன, பேச்சு குறைகிறது, குறிப்பிட்ட ஒருவரையோ ஒரு வேனையோ கண்டு நடுங்குகிறது என்றால் அதைப் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். தனியாக உட்காரவைத்து மெதுவாகக் கேளுங்கள், டீச்சரிடம் பேசுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். காது சரியாகக் கேட்காததும், கண் பார்வைக் குறையும்கூட இப்படித்தான் வெளிப்படலாம். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. புகார் சொல்லத் தயங்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வி உதவி எண் 14417.

"சேட்டை பண்ணினா டீச்சர்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்றேன்" என்று வீட்டில் மிரட்டுவதை நிறுத்தினாலே பாதி பயம் போய்விடும். மாலையில் "என்ன எழுதின?" என்று கேட்பதற்கு முன் "யார்கூட விளையாடின?" என்று கேளுங்கள். ஒரு நண்பன் பெயர் வந்துவிட்டால், பிள்ளை அங்கே வேர்விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் இந்தக் கல்வியாண்டு நல்லபடியாக அமைய துஆச் செய்வோம்.